டூ ஸ்ட்ரோக் மயக்கம்: இழுவையும் புகையும் ஒரே ஓட்டை வழியாக

மதுரை சிம்மக்கல்லில் ஒரு டீக்கடை வாசலில் நானும் அக்கா மகனும் நின்றுகொண்டிருந்தோம். யானைக்கல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. டிங்... டிங்டிங்... டிங். டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் முதற்கொண்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மயில் கழுத்து நிற டேங்க்கோடு ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் மெதுவாக வந்து, முன்னால் இருந்த ஷேர் ஆட்டோ விலகியதும் ஒரு உறுமு உறுமி, வெள்ளைப் புகையை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது.

"மாமா, எடுத்தா அதைத்தான் எடுக்கணும்" என்றான். அவன் பிறந்தது 2003-ல். அந்த வண்டியின் உற்பத்தி நின்றது 1996-ல்.

"அப்படி என்னடா இருக்கு அதுல?"

"டூ ஸ்ட்ரோக் மாமா. சாதா வண்டியை விட டபுள் பவர்."

"போலீஸ் வண்டியால பிடிக்க முடியலைன்னுதானே தம்பி அதை நிப்பாட்டுனாங்க" என்றார் மாஸ்டர். பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர், "அது ஜப்பான் இன்ஜின். இரும்பு" என்று முடித்து வைத்தார்.

ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று காரணம் வந்துவிட்டது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை, மிச்சமெல்லாம் காற்றில் வந்தது. இந்த வண்டிகள் ஏன் ஆளை இப்படிக் கிறங்க வைக்கின்றன என்பதற்கு இதைவிடச் சுவையான காரணம் இன்ஜினுக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மெக்கானிக் ஆகத் தேவையில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி இறங்கிய அனுபவம் போதும்.

## நீங்களே ஓட்டியிருப்பீர்கள்

டூ ஸ்ட்ரோக் என்றதும் ஏதோ பந்தய வண்டிச் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் டிவிஎஸ் 50 இருந்ததா? அது டூ ஸ்ட்ரோக். பஜாஜ் சேட்டக்? அதுவும். பழைய மஞ்சள் கறுப்பு ஆட்டோ, மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து கீரைக்கட்டு மலைபோல் ஏற்றி வரும் எக்ஸ்எல் சூப்பர், பால்காரர்களின் ராஜ்தூத் 175 எல்லாமே ஒரே குடும்பம்தான். 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குடும்பத்தின் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து 1980-ல் வந்த டிவிஎஸ் 50-தான் தென் தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு முதல் இன்ஜின் வண்டி. அதை வேகத்துக்காக யாரும் வாங்கவில்லை. வாழைத்தார் ஏற்றத்தான் வாங்கினார்கள்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். சேட்டக் 145 சிசி. சிசி என்பது இன்ஜினுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது மாதிரி. அந்த 145 சிசி-யிலிருந்து வந்தது ஏழரைக் குதிரைத்திறன். ஆர்எக்ஸ் 100-க்கு 98 சிசி-தான். அதிலிருந்து வந்தது 11 குதிரைத்திறன். இரண்டும் டூ ஸ்ட்ரோக்தான். சின்னக் குடத்தில் எப்படி அதிகத் தண்ணீர்?

ஆக, டூ ஸ்ட்ரோக் என்ற பெயர் மட்டும் வேகத்தைத் தந்துவிடவில்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதற்கு முன் ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

## கமலை மாடும் பிஸ்டனும்

சைக்கிள் பம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கும் குழாய் சிலிண்டர். உள்ளே மேலும் கீழும் ஓடும் கட்டை பிஸ்டன். குழாயின் மேல்முனையில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அடைத்து, ஸ்பார்க் பிளக்கால் ஒரு பொறி வைத்தால் வெடிக்கும். வெடிப்பு பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளல்தான் கடைசியில் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது. பிஸ்டன் மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ ஒரு தடவை போவது ஒரு ஸ்ட்ரோக். அவ்வளவுதான்.

(இரண்டு சைலன்சர் இருந்தால் டூ ஸ்ட்ரோக் என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். யெஸ்டி வண்டியைப் பார்த்து வந்த குழப்பம் அது. அதில் சைலன்சர் இரண்டு, சிலிண்டர் ஒன்று, ஸ்ட்ரோக் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.)

மேலூர்ப் பக்கம் எங்கள் தாத்தா காலத்தில் கமலை இறைத்தார்கள். மாடு சரிவில் இறங்கினால் சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். மாடு பின்னால் நடந்து ஏறினால் சால் காலியாகக் கிணற்றுக்குள் போகும். ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், ஒரு சால் தண்ணீர். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அப்படித்தான். பிஸ்டன் ஒரு முறை இறங்கி ஏறினால் ஒரு வெடிப்பு.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதே மாடு நடுவில் ஒரு தடவை சும்மா இறங்கி ஏற வேண்டும். முதல் இறக்கத்தில் கலவையை உறிஞ்சும், ஏறும்போது அதை அமுக்கும், வெடித்து இறங்கும், மறுபடி ஏறி எரிந்த புகையை வெளியே தள்ளும். நாலு நடைக்கு ஒரு வெடிப்பு. இன்று ஷோரூமில் நிற்கும் பெட்ரோல் வண்டிகள் எல்லாம் இந்த ரகம்தான்.

அக்கா மகனின் "டபுள் பவர்" இங்கிருந்து வந்ததுதான். ஒரே நேரத்தில் இரண்டு மடங்கு வெடிப்பு என்றால் இரண்டு மடங்கு பலம் என்பது அவன் கணக்கு. தாளில் சரி. ரோட்டில் ஸ்பிளெண்டரின் 97 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஏழரை வாக்கில் தருகிறது, ஆர்எக்ஸ் 11. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கிட்ட. சேட்டக்கோ ஒன்றரை மடங்கு பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு அதே ஏழரையில் நிற்கிறது. மிச்சப் பலம் எங்கே போனது?

## கதவில்லாத வீடு

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினின் தலையில் வால்வுகள் இருக்கும். கலவை உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. ஒவ்வொன்றும் தன் நேரத்துக்குத் திறந்து மூடும். அதற்கென்று செயின், கேம், ஸ்பிரிங் என்று ஒரு பெரிய கடிகாரமே உள்ளே ஓடும்.

நம் டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கடிகாரம் கிடையாது. சிலிண்டர் சுவரிலேயே ஓட்டைகள் போட்டிருக்கும். இவற்றுக்குப் போர்ட் என்று பெயர். பிஸ்டன் ஏறும்போது தன் உடம்பால் அவற்றை மூடும், இறங்கும்போது திறந்துவிடும். பிஸ்டனே கதவு. தலையில் வால்வு இல்லை, கேம் இல்லை, அவற்றின் எடையும் இல்லை. ஆர்எக்ஸ் 100 மொத்தமே 100 கிலோ வாக்கில்தான் வரும். எளிமை என்றால் இதுதான் எளிமை. எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவர் பேச்சு வாக்கில் அரை மணியில் இதன் சிலிண்டரைக் கழற்றிக் கையில் கொடுப்பார்.

சரி, கலவை எப்படி உள்ளே வருகிறது? பிஸ்டனுக்குக் கீழே ஒரு அறை உண்டு, அது கிராங்க்கேஸ். பிஸ்டன் மேலே ஏறும்போது இந்த அறையில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சுகிறது. ஆர்எக்ஸ்ஸில் அந்த வாசலில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். உள்ளே போகும் காற்றுக்கு வளைந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். வாடிவாசல் மாதிரி ஒரு வழிதான். இதுதான் ரீட் வால்வு. பிஸ்டன் இறங்கும்போது கீழறையில் மாட்டிக்கொண்ட கலவை அமுங்கி, பக்கவாட்டுப் பாதைகள் வழியாகப் பிஸ்டனுக்கு மேலே பீய்ச்சி அடிக்கிறது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகை போகும் ஓட்டை திறக்கிறது. கொஞ்சம் கழித்துக் கலவை வரும் ஓட்டைகள் திறக்கின்றன. அப்புறம் இரண்டுமே திறந்தபடி கிடக்கின்றன.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு டவுன் பஸ் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்படியில் இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் பின்படியில் கூட்டம் ஏறிவிடும். ஏறுகிற கூட்டமே இறங்குகிற கூட்டத்தை நெட்டித் தள்ளுகிறது. வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் தள்ளுமுள்ளில், ஏறியவர்களில் நாலு பேர் சீட்டுக்குப் போகாமல் முன்படி வழியே ரோட்டில் விழுந்துவிடுவார்கள். டிக்கெட் எடுக்காமலே பயணம் முடிந்தது.

டூ ஸ்ட்ரோக்கில் அப்படி விழுகிற பயணிதான் எரியாத பெட்ரோல். சில நேரம் உள்ளே வந்த புதுக் கலவையில் நாலில் ஒரு பங்கு வரைகூட வெடிக்காமலே சைலன்சருக்குள் போய்விடும். இன்னொரு பக்கம், இறங்க வேண்டிய பழைய புகை கொஞ்சம் மூலையில் தங்கிவிடும். "டபுள் பவர்" காணாமல் போகும் இடம் இதுதான். மைலேஜ் காணாமல் போவதும் இங்கேதான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு உண்டு, தலையில் வால்வு இல்லாததால் இன்ஜின் லேசு, ஆனால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் பெட்ரோல் சிந்துகிறது.

## அந்த டிங்டிங் சத்தம்

நின்ற இடத்தில் ஓடும்போது கேட்கும் அந்தத் தாளம் தப்பிய சத்தத்துக்கும் இதே ஓட்டைதான் காரணம். ஆக்சிலேட்டர் முறுக்காதபோது உள்ளே வரும் கலவை குறைவு, தங்கிய புகை அதிகம். அதனால் ஒரு சுற்றில் வெடிக்கும், அடுத்ததில் வெடிக்காது, அதற்கடுத்ததில் சேர்த்து வைத்து வெடிக்கும். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்களே, அவர்கள் ரசித்தது இன்ஜின் சரியாக எரியாத சத்தத்தைத்தான். நானும் ரசிக்கிறேன். தெரிந்தபிறகும் ரசனை குறையவில்லை.

## ஆயில் ஏன் கலக்க வேண்டும்

பெட்ரோலில் ஆயில் கலந்தால் வண்டி வேகமாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஆயில் கூடினால் புகைதான் கூடும், பிளக்தான் கறுக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸ் என்பது ஆயில் தொட்டி. ஆயில் அங்கேயே இருந்து சுற்றிச் சுற்றி உராய்வைத் தடுக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அந்த அறை வழியாகக் கலவை போய் வருகிறதே, அங்கே ஆயிலை எப்படித் தேக்குவது? அதனால் ஆயிலையும் கலவையோடு சேர்த்தே அனுப்புகிறார்கள். போகிற வழியில் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைத்துவிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துபோகும். இதற்கென்று எரியும் தன்மையோடு செய்வதுதான் 2டி ஆயில். சேட்டக்குக்கு லிட்டருக்கு 20 மில்லி கலந்தோம், ஞாபகம் இருக்கும். ஆர்எக்ஸ்ஸில் ஆயிலுக்குத் தனிப் பெட்டியும், ஆக்சிலேட்டரை முறுக்கும் அளவுக்கேற்ப ஆயிலை விடும் சின்னப் பம்ப்பும் உண்டு. அதற்கு யமஹா வைத்த பெயர் ஆட்டோலூப். வெள்ளைப் புகை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும்.

இந்தப் பாடத்தை நான் படித்த விதம் வேறு. கல்லூரி இரண்டாம் ஆண்டு. சித்தப்பாவின் ஆர்எக்ஸ்ஸை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் பறந்தேன். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டிருந்தேன். பக்கவாட்டு மூடிக்குள் ஆயில் பெட்டி என்று ஒன்று இருப்பதை நான் நினைக்கவே இல்லை. அப்பன்திருப்பதி தாண்டி, நன்றாக முறுக்கிக்கொண்டு போகையில் இன்ஜின் சத்தம் திடீரென்று ஒரு மாதிரி இறுகியது. அடுத்த நொடி பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி போய்க்கொண்டிருந்தது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பித்தேன். தார் ரோட்டில் ஒரு ஆள் நீளத்துக்குக் கறுப்புக் கோடு.

புளியமர நிழலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சூடு ஆறியதும் கிக்கர் இறங்கியது. மெதுவாக உருட்டி வந்து செல்லூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சிலிண்டரைக் கழற்றிப் பிஸ்டனை என் உள்ளங்கையில் வைத்தார். பளபளவென்று இருக்க வேண்டிய பக்கத்தில், பூனை பிறாண்டியது போல மேலிருந்து கீழாகக் கோடுகள். ஒரு இடத்தில் அலுமினியம் உருகி இழுபட்டிருந்தது. "பிஸ்டன் பிடிச்சிருச்சு தம்பி. ரீபோர் போடணும்" என்றார். ரீபோர் என்றால் கீறிய சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. சித்தப்பா என்ன சொன்னார் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. அந்தப் பிஸ்டன் இன்னும் என் மேசையில் பேப்பர் பறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

## சைலன்சருக்குள் ஒரு கண்டக்டர்

இப்போது சின்னக் குடத்துக் கேள்விக்கு வருவோம். ஆர்எக்ஸ்ஸின் ரகசியத்தில் பெரிய பங்கு, எல்லோரும் சத்தம் குறைக்கத்தான் இருக்கிறது என்று நினைக்கும் சைலன்சரில் இருக்கிறது.

கிணற்றுக்குள் குனிந்து "ஓய்" என்றால் சத்தம் அடியில் மோதித் திரும்பி வரும். இன்ஜினில் ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் புகை ஓட்டை திறக்கும்போது அப்படி ஒரு "ஓய்" சைலன்சருக்குள் பாய்கிறது. அது ஒரு அழுத்த அலை. குழாய் ஒரே அளவில் நேராக இருந்தால் அலையால் பெரிய பயன் இல்லை. குழாய் முதலில் கூம்பு போல விரிந்து, அப்புறம் மறுபடி கூம்பு போலச் சுருங்கினால் வேடிக்கை தொடங்கும். விரியும் இடத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலி உறிஞ்சும் தன்மையோடு வரும். சுருங்கும் இடத்திலிருந்து வருவது தள்ளும் தன்மையோடு வரும்.

டவுன் பஸ்ஸின் முன்படிக்குக் கீழே கெட்டிக்கார கண்டக்டர் ஒருவரை நிறுத்துங்கள். முதலில் அவர் இறங்குகிறவர்களின் கையைப் பிடித்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று வெளியே இழுக்கிறார். அந்த வேகத்தில் பின்படிக் கூட்டமும் மளமளவென்று ஏறுகிறது. நாலு பேர் முன்படி வழியே வெளியே சிந்துகிறார்கள். உடனே கண்டக்டர் தோளால் முட்டி அவர்களை உள்ளே தள்ளுகிறார். தள்ளின மறுகணம் கதவு சாத்திக்கொள்கிறது. பஸ் இப்போது பிதுங்கப் பிதுங்க நிரம்பிவிட்டது. சிலிண்டருக்குள் சாதாரணமாகப் போவதைவிட அதிகக் கலவை, ஒரு பம்ப்பும் இல்லாமல், எதிரொலியை வைத்தே அடைபட்டுவிட்டது. இப்படி விரிந்து சுருங்கும் குழாய்க்கு எக்ஸ்பேன்ஷன் சேம்பர் என்று பெயர். பந்தய வண்டிகளில் வெளியே தொப்பை போட்டுத் தெரியும். தெரு வண்டிகளில் அடக்கமாக, நேர்க்குழாய்த் தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும்.

இதை ஒரு கலையாகவே ஆக்கியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டர் கணக்கில் 200. அந்த வருடமே அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் நாட்டை விட்டுத் தப்பினார். மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு காருக்குள் ஒளித்து எல்லை கடத்தினார்கள். டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுசூகி. அடுத்த வருடமே, 1962-ல், சுசூகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார். ஜப்பான்காரர்கள் அதன்பின் இந்த வித்தையை எங்கேயோ கொண்டுபோனார்கள். 1984-ல் சுசூகி ஓசூருக்கு வந்து இந்த்-சுசூகி என்ற பெயரில் 100 சிசி வண்டி செய்தபோது நம் ஊர்த் தெருவுக்கு வந்தது அந்த வம்சம்தான். அடுத்த வருடக் கடைசியில் எஸ்கார்ட்ஸ் என்ற இந்திய நிறுவனம் வழியாக யமஹாவின் ஆர்எக்ஸ் 100 வந்தது.

## "பிக்கப்" என்பது என்ன

கண்டக்டரிடம் ஒரு குறை உண்டு. அவர் ஒரே வேகத்தில்தான் வேலை செய்வார்.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை ஆர்பிஎம் என்பார்கள். ஆர்எக்ஸ் தன் முழுப் பலத்தைக் காட்டுவது 7,500-ல். நொடிக்கு 125 சுற்று, 125 வெடிப்பு. ஒரு சுற்றுக்கு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எதிரொலி போய்த் திரும்பும் நேரம் அந்தக் குறுகிய நேரத்துக்கென்றே அளந்து வைத்தது. மெதுவாக ஓட்டினால், பிஸ்டன் சாவகாசமாக நகர, எதிரொலி முன்னதாகவே வந்து தப்பான நேரத்தில் முட்டுகிறது. கலவை ஏறிக்கொண்டிருக்கும்போதே கதவருகே நின்று நெட்டினால் என்ன ஆகும்? குழப்பம்தான். அதனால் குறைந்த வேகத்தில் வண்டி சோம்பலாக, தும்மிக்கொண்டு வரும். ஆர்பிஎம் ஏறி, எதிரொலியும் பிஸ்டனும் கை கோக்கும் இடத்தை எட்டினால், தூங்கிக்கொண்டிருந்த ஆள் எழுந்து உட்கார்ந்த மாதிரி சட்டென்று இழுக்கும். அந்தக் குறிப்பிட்ட ஆர்பிஎம் இடைவெளிக்குப் பவர்பேண்ட் என்று பெயர்.

நாம் "பிக்கப்" என்று சொல்லிச் சொக்குவது இதைத்தான். மொத்தப் பலம் 11 குதிரைத்திறன்தான். இன்று பல 125 சிசி பைக்குகளே இதற்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனால் அவை சம்பளம் மாதிரி மாதாமாதம் சீராகத் தருகின்றன. ஆர்எக்ஸ் தீபாவளி போனஸ் மாதிரி ஒரே நாளில் தருகிறது. அதுவும் 100 கிலோ எடைக்கு. தொகை ஒன்றாக இருந்தாலும் எது மனதில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேட்டக்கும் டிவிஎஸ் 50-ம் ஏன் அப்படி இழுப்பதில்லை என்பதும் இப்போது விளங்கும். அவற்றின் ஓட்டைகளையும் சைலன்சரையும் குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கும்படி அமைத்தார்கள். வாழைத்தாருக்குப் பவர்பேண்ட் எதற்கு?

சைலன்சரின் முனையை வெட்டினால், உள்குழலை உருவினால் பிக்கப் கூடும் என்று நம்பிச் செய்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கூடுவது சத்தம். அளந்து வைத்த எதிரொலியைக் கலைத்துவிட்டால் கண்டக்டரை வேலையை விட்டு அனுப்பிய மாதிரிதான். சத்தம் பெரிதாகக் கேட்பதால் வேகமும் கூடியதாகக் காது சொல்லும். காதை நம்பாதீர்கள்.

சுருக்கமாக: ஓட்டைகள் திறந்து கிடப்பதால் பெட்ரோல் சிந்தும், அதே திறந்த ஓட்டை வழியாகத்தான் சைலன்சரின் எதிரொலி உள்ளே வந்து கலவையைத் திணிக்க முடிகிறது. ஓட்டையை அடைத்தால் புகை காணாமல் போகும், கூடவே அந்த இழுவையும் காணாமல் போகும்.

## போலீஸ் கதையும் புகை விதியும்

டீ மாஸ்டரின் கதைக்கு வருகிறேன். சங்கிலி பறிக்கிறவர்கள் ஆர்எக்ஸ்ஸை விரும்பினார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்காக நிறுத்தியிருந்தால் அதைவிடப் பெரிய ஆர்எக்ஸ் 135-ஐ அதற்குப் பிறகும் பல வருடம் விற்றிருப்பார்களா? நிறுத்தியது புகை விதி. 1996-லும் 2000-லும் வண்டிப் புகைக்கான வரம்புகள் இறுகின. எரியாத பெட்ரோலையும் எரிந்த ஆயிலையும் சேர்த்துத் துப்பும் இன்ஜினுக்கு அந்த வரம்புக்குள் வருவது பெரும்பாடு. இன்னொரு பக்கம், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் ஒரு லிட்டரில் இரண்டு நாள் ஆபீஸ் போய் வர வைத்தன. மாதச் சம்பளக்காரர் எதை எடுப்பார்?

உலகப் பந்தயத்திலும் இதுதான் நடந்தது. அங்கே 500 சிசி டூ ஸ்ட்ரோக்தான் பல வருடம் ராஜா. 2002-ல் ஃபோர் ஸ்ட்ரோக்கை உள்ளே விட்டபோது அதற்கு 990 சிசி வரை இடம் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பந்தய மைதானத்து அளவில் அக்கா மகனின் "டபுள்" அவ்வளவு தப்பில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். சிம்மக்கல் ரோட்டில்தான் தப்பு.

"ஜப்பான் இன்ஜின்" என்றவருக்கும் பாதி மார்க். தொடக்கத்து ஆர்எக்ஸ்களின் பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்து இங்கே கோக்கப்பட்டவை. போகப் போக உள்ளூர்ப் பாகங்கள் கூடின. விற்கிறவர் சொல்லும் எல்லா வண்டியும் ஜப்பான் செட்டாக இருக்க வழியில்லை.

## அரிது வேறு, நல்லது வேறு

கிடைக்காத பொருளுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் மணம் வந்துவிடும். யமஹாவின் ஆர்டி 350-ஐப் பாருங்கள். 1983-ல் எஸ்கார்ட்ஸ் இதை ராஜ்தூத் 350 என்று கொண்டுவந்தது. இரண்டு சிலிண்டர், ஆறு கியர், முதலில் வந்த ரகத்துக்கு 30.5 குதிரைத்திறன். அன்றைய 350 புல்லட்டுக்கு 18-தான். ஆனால் ஜப்பான் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இங்கே டிரம் வைத்தார்கள். ஓட வைத்த அளவுக்கு நிற்க வைக்கவில்லை. மைலேஜும் மட்டம், ஸ்பேரும் சிரமம். எண்பதுகளோடு கடையைக் கட்டினார்கள். அன்று வாங்க ஆள் இல்லாததால்தான் இன்று அது அரிது. இன்று அதே வண்டிக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டால் தலை சுற்றும்.

மைசூரில் செய்த யெஸ்டி இன்னொரு ரகம். 250 சிசி, ரோட்கிங் என்றால் 16 குதிரைத்திறன். ஆர்எக்ஸ் மாதிரி சட்டென்று எழாது. அடியிலிருந்தே இழுத்துக்கொண்டு போகும். கிக்கரையே மடக்கிக் கியராகப் பயன்படுத்தும் வினோதம் வேறு. 1996-ல் அந்த ஆலை மூடியது. டிவிஎஸ் சுசூகியின் ஷோகனும் சாமுராயும் நம் மாநிலத்திலேயே பிறந்தவை. ஷோகனை ஆர்எக்ஸ்ஸோடு ஒப்பிட்டுச் சண்டை போட்ட தலைமுறை நாங்கள். என் கட்சி ஷோகன். தோற்ற கட்சி என்று தெரியும்.

## வாங்கப் போனால்

ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத வண்டியைக் கையில் கொடுத்து "அதெல்லாம் பண்ணிக்கலாம் தம்பி" என்பவரிடம் கும்பிடு போட்டுவிடுங்கள். சட்டப்படி பழம்பெரும் வண்டி என்று தனிப் பதிவு வாங்க 50 வயது ஆக வேண்டும். முதல் ஆர்எக்ஸ்ஸுக்கே அது 2035-ல்தான். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இந்த வண்டிகளில் இன்ஜின் ஒரு ஊர், பாடி ஒரு ஊர் என்பது சகஜம்.

இன்னொன்று, சிறுமலை மாதிரி மலை இறக்கத்தில் டூ ஸ்ட்ரோக்கை நம்பி ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக்தான் துணை.

அக்கா மகன் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் ஒரு வண்டி பார்க்கப் போனோம். கறுப்பு ஆர்எக்ஸ், புது பெயின்ட், புது சீட். விற்பவர் ஒரு லட்சத்துக்கு மேலே சொன்னார். முதல் கிக்கிலேயே டிங்டிங் என்று எழுந்தது. பயல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நிறுத்துங்கண்ணே" என்றேன். "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டுனீங்களா?"

"இல்லண்ணே, காலையில இருந்து அப்படியே நிக்குது."

"பத்து செகண்டுக்குள்ள சிலிண்டர் இப்படிக் கொதிக்குமா?" என்று அக்கா மகன் காதில் சொல்லி, பக்கத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தான். ஆறின இன்ஜின் முதல் கிக்கில் எழுகிறதா என்பதில்தான் ரிங், சீல், கார்புரேட்டர் எல்லாவற்றின் யோக்கியதையும் தெரியும். சூடாக்கி வைத்துவிட்டால் கிழட்டு இன்ஜினும் எழும்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோம்ணே. நாங்க வர்ற வரைக்கும் யாரும் ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்றான் அவனே.